அம்மாவின் நோட்டும் என் முதல் செயலியும்

(இரவுப் பாடசாலை ஒன்றில் கோடை விடுமுறைக் கணினி வகுப்பின் முதல் நாளன்று பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டீசில் 'கைப்பேசிச் செயலி உருவாக்குவது எப்படி' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் அதை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. எப்படித் தொடங்குவது என்று மட்டும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பாதி வழியில் நின்றதை விட, தொடங்கும் இடத்திலேயே நின்றுபோனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வரும்போது ஒரு தங்கை கேட்டாள், "அக்கா, இதுக்குக் கணக்கு நல்லா வரணுமா?" என்று. நான் எழுதிய முதல் செயலியில் இருந்த கணக்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்தான். அதையும் தப்பாகப் போட்டேன். அந்தக் கதையையே சொல்கிறேன், பாடமும் அதற்குள் வந்துவிடும்.

2017. பொறியியல் முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். அவருக்கு எழுதத் தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டில், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டு வைப்பார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. கூலி வங்கியில் விழும்போது அது எந்த வாரத்துக்கான கூலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பணம் வந்ததா, எவ்வளவு பாக்கி என்று கேட்கப் போனால் நம் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டுமே. அந்தக் கோடுகள்தான் அம்மாவின் கணக்கு. அதை எண்ணிச் சொல்வது என் வேலை.

இதையே ஒரு செயலியாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. பெரிய யோசனை எதுவும் கிடையாது. எண்ணி எண்ணிச் சலித்துப்போனதால் வந்த யோசனை.

என்னிடம் இருந்தது பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. 2 ஜிபி ரேம். ஆண்ட்ராய்டு செயலி எழுதுவதற்கான மென்பொருளுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்று பெயர். இலவசம்தான். ஆனால் அதைத் திறந்ததும் மவுஸ் அம்புக்குறிகூட அசையவில்லை. இன்றைக்கு அதற்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், 16 இருந்தால் நல்லது. மென்பொருள் இலவசம், அதை ஓட்டுகிற இயந்திரம் இலவசமில்லை. இதை யாரும் முதல் பாடத்தில் எழுதுவதில்லை.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். தன் பழைய கம்ப்யூட்டரை எனக்குக் கொண்டுவந்து வைத்தார். ஜியோ வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அது இல்லையென்றால் ஸ்டூடியோ முதல் தடவை இறக்கிக்கொள்ளும் கோப்புகளுக்கே எங்கள் வீட்டு ஒரு மாத ரீசார்ஜ் காலியாகியிருக்கும். எல்லாம் சரியாக வந்தது. எழுதிய செயலியை மட்டும் போனுக்கு அனுப்ப முடியவில்லை. போனைக் கேபிளில் மாட்டினால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்று நாள். எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். எனக்குத்தான் அறிவு போதவில்லை என்று ஒரு ராத்திரி அழுதேன். அண்ணனுக்குப் போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கேபிள் எங்க வாங்கினே?" பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கேபிள். அது சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவலைக் கடத்தாது. வேறு கேபிள் மாட்டியதும் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது.

என்னோடு படித்த ஒருத்தியின் அப்பா ஐ.டி.யில் இருந்தார், மாமாவும் இருந்தார். அவளுக்கு இந்த மூன்று நாள் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சாப்பிடும்போது கேட்டிருப்பாள், பதில் கிடைத்திருக்கும். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். அவள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது ஒரு தலைமுறைச் சொத்து. நிலம் மாதிரி, வீடு மாதிரி. யாரும் அதைச் சொத்தாக எண்ணுவதில்லை, 'தகுதி' என்று பேர் வைத்துவிடுகிறார்கள். இந்த வகுப்பை நீங்கள் பத்துப் பேராகச் சேர்ந்து நடத்துவதால்தான் நான் லீவு போட்டு வந்தேன். தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்ப்பதாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் போனை எடுங்கள். செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்' திறங்கள். அதில் 'பில்டு நம்பர்' என்று இருக்கும். சில கம்பெனி போனில் இடம் கொஞ்சம் மாறும், தேடுங்கள். அதை ஏழு தடவை தட்டுங்கள். "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். சாதிச் சான்றிதழ் கேட்காமல், கட்-ஆஃப் கேட்காமல் நமக்கு ஒரு பட்டம் கொடுத்த ஒரே இடம் அதுதான். அங்கே 'யூஎஸ்பி டீபக்கிங்' என்பதை இயக்கினால் கம்ப்யூட்டரில் எழுதுவது நேராக உங்கள் போனில் ஓடும். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய் போன் ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு, எமுலேட்டர் என்பார்கள். அது ரேமைத் தின்னும். நம்மிடம் இருக்கும் பழைய போனே போதும்.

நான் அப்போது ஜாவா மொழியில் எழுதினேன். அதே 2017 மே மாதம்தான் கோட்லின் என்ற மொழியை ஆண்ட்ராய்டுக்கு அதிகாரப்பூர்வமாக ஏற்பதாக கூகுள் அறிவித்தது. 2019இல் கோட்லினுக்கே முதலிடம் என்றது. 2021இல் திரைகளை உருவாக்கும் முறையையே மாற்றி ஜெட்பேக் கம்போஸ் வந்தது. பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் என்னோடு சேர்ந்து முதலிலிருந்து படித்தார்கள். நம் தாத்தா காலத்தில் விட்ட பஸ்ஸைப் பிடிக்கவே முடியாத தொழில்கள் உண்டு. இது சில வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும் பஸ்.

என் செயலிக்கு ஒரே திரை. மேலே இன்றைய தேதி, நடுவில் ஒரு பட்டன், கீழே போன நாட்களின் பட்டியல், கடைசியில் மொத்தத் தொகை. எந்தச் செயலியைப் பிரித்தாலும் இந்த மூன்றுதான் இருக்கும்: கண்ணுக்குத் தெரிவது, விரல் பட்டால் நடப்பது, போனை அணைத்தாலும் அழியாமல் சேமித்து வைப்பது. சேமிக்க ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் ஏற்கனவே இருக்கிறது. இணையம் தேவையில்லை, சர்வருக்குக் காசு தேவையில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு அறிவித்திருந்த கூலி 205 ரூபாய். நான் நாட்களை எண்ணி 205ஆல் பெருக்கினேன். முடிந்தது வேலை என்று நினைத்தேன். 2018 ஏப்ரலில் கூலி 224 ஆனது. போய் எண்ணை மாற்றினேன். உடனே போன வருடம் செய்த வேலைக்கும் 224 போட்டுக் காட்டியது! அரசாங்கம் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரே ராத்திரியில் கூடிவிட்டது. சிரிக்கிறீர்கள், ஆனால் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு யாராவது அலுவலகம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இவங்க கணக்கு எப்பவும் இப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் நோட்டில் இருந்த உண்மையான கோடுகளும் பொய்யாகியிருக்கும்.

அதோடு அறிவித்த கூலி முழுசாக வருவதும் கிடையாது. வெட்டிய மண்ணை அளந்து, அளவுக்குத் தகுந்த மாதிரி குறைத்துப் போடுவார்கள். அம்மாவுக்கு இது தெரியும். என்ஜினியர் மகளுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் அந்த நாளுக்கு வந்த தொகையைத் தனியாகச் சேமிக்கும்படி மாற்றி எழுதினேன். மாறக்கூடிய எண்ணை நிரலுக்குள் நிரந்தரமாகப் புதைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஏரிக்கரை.

இதற்கெல்லாம் மேல் ஒரு தப்பு இருக்கிறது. எல்லாம் முடித்து அம்மாவிடம் காட்டினேன். அவர் சொன்னார், "நல்லாத்தான்டி இருக்கு. எம்போன்ல இது எங்க வரும்?" அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். மூன்று மாதமாக எனக்கு அது தோன்றவே இல்லை.

கடைசியில் அதைப் பயன்படுத்தியது எதிர்வீட்டு அக்கா. அவர் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சேர்த்துக் கணக்கு வைப்பார். அவரிடம் கொடுத்ததும் பட்டனைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அதில் 'சமர்ப்பி' என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்பதைத் தமிழில் போட்ட பெருமை எனக்கு. "சமர்ப்பின்னா சாமிக்கா?" என்று கேட்டார். 'இன்னைக்கு வேலைக்குப் போனேன்' என்று மாற்றினேன். அப்புறம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆண்ட்ராய்டில் திரையில் வரும் சொற்களை எல்லாம் ஒரு தனிக் கோப்பில் வைக்கலாம், தமிழுக்கு 'வேல்யூஸ்-டிஏ' என்று ஒரு ஃபோல்டர் போட்டால் போதும், தமிழில் வைத்திருக்கும் போனில் தானாகத் தமிழ் வரும். ஃபோல்டர் போடுவது ஒரு நிமிட வேலை. தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கத்தான் நேரம் ஆகும்.

நான் அப்போது வேலை அட்டை எண், ஆதார் எண், கதவு எண் எல்லாம் கேட்கும் ஒரு பக்கமும் சேர்த்திருந்தேன். மற்ற செயலிகளில் எல்லாம் கேட்கிறார்களே என்றுதான். அக்கா கேட்டார், "இந்தப் போனு தொலைஞ்சா இதெல்லாம் யாரு கைக்குப் போவும்?" எந்தத் தெரு, எந்த வீடு, யாருக்கு எப்போது பணம் வரும் என்று நம் காலனி மொத்தமும் ஒரு பட்டியலாக யாரோ ஒருவர் கையில் கிடைப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கே அந்தப் பக்கத்தை நீக்கினேன். இன்றும் வேலையிடத்தில் ஒரு புதுக் கட்டம் சேர்க்கச் சொன்னால், இது எதற்கு என்று நான்தான் முதலில் கேட்பேன். நச்சரிப்பவள் என்று பேர்.

கட்டம் என்றதும் இன்னொன்று. முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஒரு நிறுவனத்தின் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம், சிவப்பு நட்சத்திரம் போட்டு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. எனக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். அப்பா பெயரைப் போட்டேன். பதில் கடிதம் அப்பா பெயருக்குத் திருவாளர் போட்டு வந்தது. நேர்காணலில் அதே கேள்வி, "உங்க ஃபுல் நேம் என்ன?" எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். (எங்கள் தாத்தாவுக்கு விடுவதற்குப் பட்டமே இருந்ததில்லை, அது வேறு கதை.) எத்தனையோ வருடம் கழித்து ஒரு படிவத்தில் யாரோ ஒருவர் யோசிக்காமல் போட்ட சிவப்பு நட்சத்திரம் அதைத் திரும்பக் கேட்கிறது. இந்தத் தொழிலில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால், 2020இல் கலிபோர்னியா மாநில அரசே சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டுக்காக வழக்குப் போட்டதைச் சொல்லுங்கள். நிறுவனம் மறுத்தது, ஆனால் பேச்சு பொதுவெளிக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமே போட்டது. நீங்கள் எழுதும் செயலியில் பெயருக்கு ஒரே கட்டம் போடுங்கள். ஒரு எழுத்தோ நாற்பது எழுத்தோ, எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளட்டும்.

இப்போது 2022க்கு வருகிறேன். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அந்த மே மாதம் நூறு நாள் வேலைக்கே ஒரு செயலி வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வருகைப்பதிவை அந்தச் செயலியில்தான் போட வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. 2023 ஜனவரி முதல் அநேகமாக எல்லா வேலைகளுக்கும் கட்டாயம் ஆனது. என்எம்எம்எஸ் என்று பேர். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இடக்குறியோடும் நேரத்தோடும் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காமல், செயலி ஒத்துழைக்காமல், செய்த வேலைக்கு வருகையே பதிவாகவில்லை என்று பல மாநிலங்களில் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தர்ணா உட்கார்ந்தார்கள்.

அந்தச் சமயம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். வேலை முடித்தவர்களும் படம் எடுப்பதற்காக வெயிலில் காத்திருந்தார்கள். பணித்தளப் பொறுப்பாளர் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஏறுகிறார், இறங்குகிறார். சிக்னல் இல்லை. அவரும் நம்ம பெண்தான், அவரும் என்ன செய்வார். எனக்கு அவர் கையில் இருந்த திரை தெரிந்தது. அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் வேலையிடத்தில் தினமும் போடுகிற அதே வட்டம். 'ஏற்றப்பட்டால் சரி, இல்லாவிட்டால் பிழை' என்று இரண்டு வரி எழுதிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம். அந்த இரண்டாவது வரியில் இங்கே ஒரு நாள் கூலி நிற்கிறது.

எதிர்வீட்டு அக்கா அன்றைக்கும் தன் போனில் பட்டனைத் தட்டினார். அம்மா வீட்டுக்கு வந்து கோடு போட்டார். அவர்கள் கையில் இரண்டு கணக்கு இருந்தது.

முதலில் போனிலேயே பதிந்துகொள், சிக்னல் வரும்போது ஏற்று. இப்படி எழுதுவது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஏரிக்கரையில் ஒரு நாள் நின்று பார்த்தவர் எழுதினால் அந்த வரிதான் முதலில் வரும். நாம் இந்தத் தொழிலுக்குள் போக வேண்டும் என்று நான் சொல்வது சம்பளத்துக்காகவும்தான். சம்பளம் முக்கியம், வெட்கப்படாதீர்கள். எங்கள் வீட்டுக்குக் கூரை மாறியது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து வரி எழுதுகிறவர்களில் ஒருவர்கூடக் கோடு போட்ட நோட்டைப் பார்த்ததில்லை என்றால், எழுதப்படுவது இப்படித்தான் இருக்கும்.

மடிக்கணினி இல்லாதவர்கள் இங்கே நிறையப் பேர் என்று சொன்னார்கள். கோட்லின் மொழியை இணையத்தில் எழுதி ஓட்டிப் பார்க்க 'கோட்லின் பிளேகிரவுண்ட்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, போன் பிரவுசரிலேயே திறக்கும். முதல் பதினைந்து நாள் அது போதும். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு எம்ஐடி ஆப் இன்வென்டர். கட்டைகளை ஒட்டுவதுபோல ஒட்டிச் செயலி செய்யலாம், நிறுவ வேண்டியது பிரவுசரைத் தவிர எதுவும் இல்லை. ரேம் குறைந்த கம்ப்யூட்டர் இருந்தால் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, போனின் முகப்பில் ஒட்டிக்கொள்கிற, இணையம் இல்லாமலும் திறக்கிற வலைச்செயலியாக எழுதலாம். நல்ல கம்ப்யூட்டர் கிடைத்தவர்கள் கூகுள் இலவசமாகத் தரும் 'ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்' பாடத்தை ஒழுங்காக முடியுங்கள். ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்று யூடியூபில் சண்டை நடக்கும், அதைப் பார்த்தே ஆறு மாதம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஐபோனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்கு எழுத மேக் கம்ப்யூட்டர் வேண்டும், கடையில் போட வருடத்துக்கு 99 டாலர் கட்ட வேண்டும்.

ஏஐ எழுதித் தருமே என்று அந்தத் தம்பி முணுமுணுக்கிறார். தரும். பிழைச் செய்தி புரியாவிட்டால் அதனிடம் தமிழிலேயே கேளுங்கள், எனக்கு அன்று கிடைக்காத அண்ணன் அது. ஆனால் நூறு நாள் கூலிக்குச் செயலி எழுது என்று மட்டும் சொன்னால் அதுவும் நாளை எண்ணி 205ஆல் பெருக்கித்தான் கொடுக்கும். மண்ணை அளந்து குறைப்பார்கள் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

எழுதியதைப் பிளே ஸ்டோரில் போட ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டணம். இப்போது புதிதாகக் கணக்குத் தொடங்கும் தனிநபருக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. குறைந்தது 12 பேர் அந்தச் செயலியைத் தொடர்ந்து 14 நாள் சோதனைக்கு வைத்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் பன்னிரண்டு பேர் கிடைக்காமல் காசு கொடுத்து ஆள் பிடித்தார். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாது அவருக்கு. நம் தெருவில் ஒரு திண்ணையிலேயே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முதல் செயலியைக் கடையில் போட அவசரப்படாதீர்கள். யாருக்காக எழுதினீர்களோ அவர் போனில் நேராக ஏற்றிக் கொடுங்கள். அவர் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் விரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். அதற்கு முன் அவரிடம் இருப்பது பட்டன் போனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். இனி பேச்சு வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஐந்து ஐந்து பேராக உட்காருங்கள். பெண்பிள்ளைகள் பின்னால் நிற்காமல் கீபோர்டு பக்கம் வாருங்கள். சொந்தப் போன் இல்லாதவர்களுக்கு என் பழைய போன் ஒன்று வைத்திருக்கிறேன். கேபிள் ஆறு கொண்டுவந்திருக்கிறேன். எல்லாமே தகவல் கடத்தும் கேபிள், நேற்று ராத்திரி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிட்டேன்.